பாலத்தோரம் நின்ற கடலைக்காரர்

காலை மணி பதினொன்று இருபது. முதலில் நான் பார்த்தது ஒரு விரலை.

கதவு ஒரு சாண் திறந்திருந்தது. உள்ளே இருட்டு. அந்த இடைவெளியில் ஒரு பெண்ணின் கை நீண்டு வந்தது. கையில், சற்று முன் நான் உள்ளே கொடுத்தனுப்பிய புத்தகம். வழவழப்பான தாள், வண்ணப் படங்கள். விரித்த பக்கத்தின் வலது ஓரத்தில் ஆள்காட்டி விரல் பதிந்திருந்தது. நகம் வெளுத்துப்போகும் அளவுக்கு அழுத்தம்.

"காக்கா, இது அவுக" என்றது கதவுக்குப் பின்னால் இருந்த குரல்.

சத்தமாகச் சொல்லவில்லை. அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்வதைப்போலச் சொன்னார். முகப்பில் பாய்மரத் துணி தைத்துக்கொண்டிருந்தவரின் ஊசி நின்றது. அந்த அம்மாளின் அண்ணன் சுல்தான் காக்கா எழுந்தார். எழுந்தவர் இரண்டு அடி எடுத்து வைத்துவிட்டு, புத்தகத்தை வாங்காமல் நின்றுவிட்டார்.

அன்று வியாழக்கிழமை. "அவுக" என்று அந்த அம்மாள் சொன்னவருக்கு மறுநாள் ஜும்மாவுக்குப் பிறகு காயிப் ஜனாஸா தொழுவதாக ஊர் முடிவு செய்திருந்தது. உடல் கிடைக்காமல் தூரதேசத்தில் இறந்தவருக்காகத் தொழுகிற தொழுகை அது.

பார்க்கப் போகிற நாடு

சென்ற வாரம் தனுஷ்கோடிக் கப்பல் துறையைப் பற்றி எழுதினேன். இது அதற்கு இரண்டு மூன்று வருடம் முந்திய கதை. அறுபதுகளின் தொடக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மதுரையில் அச்சான ஒரு நாளிதழுக்கு ராமநாதபுரத்தில் நான் நிருபர். தினமும் செய்தி இருக்காது. செய்தி இல்லாத வாரங்களில் ஞாயிறு மலருக்கு ஏதாவது எழுதித் தர வேண்டும்.

ஒருநாள் அலுவலகத்திலிருந்து தபாலில் இரண்டு பிரதி புத்தகம் வந்தது. சயாம் நாட்டுக்கு வெளிநாட்டார் சுற்றுலா வரவேண்டும் என்று அச்சடித்தது. ஆங்கிலம். கூடவே மலர் ஆசிரியரின் சீட்டு: "உங்கள் பக்கத்துக் கடற்கரையில் அந்த நாடுகளுக்குப் போய்வந்தவர்கள் இருப்பார்கள். கேட்டு, 'சயாமில் என்ன பார்க்கலாம்' என்று சுவையாக இரண்டு பத்தி எழுதவும்."

கீழக்கரையிலிருந்து வாலிநோக்கம் போகும் வழியில் ஒரு ஊர். பெயர் வேண்டாம். அங்கே சுல்தான் காக்கா தோணி வைத்திருந்தார். வாலிப வயதில் பினாங்கு, கெடா, சயாமின் தென்கரை எல்லாம் பார்த்தவர். அவரிடம் போனேன். மேசைமேல் புத்தகத்தை விரித்து ஒவ்வொரு படமாகக் காட்டினேன்.

"தம்பி, இதெல்லாம் எதுக்கு அடிச்சிருக்காக?"

"மக்கள் அங்கே போகணும்னு."

"போயி?"

"பார்க்கணும்."

"பாத்துட்டு?"

"திரும்பி வந்துடணும்."

காக்கா என்னைப் பார்த்தார். பிறகு பாய் தைக்கிறவரைப் பார்த்தார். "கேட்டீரா? சரக்கு ஏத்தாம போறாகளாம். சரக்கு எறக்காம வாராகளாம். நடுவுல பாக்குறாகளாம்."

"நம்மள காசு குடுத்துக் கூட்டிப் போனான் வெள்ளைக்காரன்" என்றார் பாய் தைக்கிறவர். "இப்ப அவனே காசு குடுத்துப் போறானாக்கும். இருந்ததெல்லாம் இருந்து கடைசியில அவனுக்கும் புத்தி பிசகிருச்சு."

ஆனாலும் படங்கள் காக்காவை இழுத்தன. பொன்தகடு போர்த்திய கோபுரங்கள். தலையில் பனையோலைத் தொப்பியும் தோணி நிறையக் காய்கறியுமாக வாய்க்காலில் வியாபாரம் செய்யும் பெண்கள். முள்ளும் சிவப்புமாக ரம்புத்தான் பழக் குலை. பட்டுக் குடைகள் காயவைத்த முற்றம். தென்னையும் வெள்ளை மணலுமாக ஒரு கடற்கரை.

அந்தக் கடற்கரையைப் பார்த்ததும் சிரித்தார். "இதுக்கு அங்கன போகணுமா? வாலிநோக்கத்துல எறங்குனா இதே மணலு. தென்னைக்குப் பதிலா பனை நிக்கும், அம்புட்டுத்தான். நம்ம ஊருக்கு ஒருத்தனும் இப்படி அடிக்கலையே."

எங்கள் கரைக்கும் பார்வையாளர் வராமல் இல்லை. ராமேசுவரத்துக்கு ரயில் ரயிலாக வந்தார்கள். ஒருமுறை அக்னி தீர்த்தக் கரையில் நின்றுகொண்டிருந்தேன். இடுப்பளவு நீரில் ஒருவர் தன் அப்பாவுக்குப் பிண்டம் கரைத்துக்கொண்டிருந்தார். வடக்கேயிருந்து வந்த யாத்ரீகர் ஒருவர் காமிராவோடு கரையில் நின்று, அவரைச் சற்று இந்தப் பக்கம் திரும்பச் சொல்லிக் கையசைத்தார். அவரும் திரும்பினார்.

பாலம்

பதினான்காம் பக்கத்தைத் திருப்பினேன். ஆற்றின்மேல் இரும்புப் பாலம். கறுப்பு வளைவுகள். தண்டவாளத்தில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி கைகோத்து நடக்கிறார்கள். பெண்ணின் கையில் பட்டுக் குடை. கீழே இரண்டு வரி. நான் வாய்விட்டுத் தமிழில் சொன்னேன்: போர்க்காலத்தில் கட்டப்பட்ட புகழ்பெற்ற பாலம், நடந்து பார்க்கலாம், ஆற்றில் படகுச் சவாரி உண்டு.

நான் சொல்லி முடித்தபோது காக்காவின் முகத்தில் சிரிப்பின் மிச்சம் இருந்தது. பிறகு அதுவும் இல்லை.

"எந்தப் பாலம்?"

திரும்பச் சொன்னேன்.

"அந்தப் பாலத்தையா தம்பி பாக்கப் போறாக?"

அந்தக் கரையில் ரயில் ரோடு என்று சொன்னால் போதும், சயாம் என்று சேர்க்க வேண்டியதில்லை. ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்திருந்த காலத்தில், தோட்டத்திலும் கடையிலும் இருந்த நம் ஆட்களை லாரியிலும் கூட்ஸ் வண்டியிலும் ஏற்றிச் சயாம் காட்டுக்குக் கொண்டுபோய் ரயில் பாதை போடவைத்தான். காய்ச்சலிலும் பேதியிலும் செத்தவர்களுக்குப் பட்டியல் கிடையாது.

காக்காவின் தங்கை மரியம் பீவியின் கணவர் காதர் மைதீன் பினாங்கில் கடைச் சிப்பந்தி. கடைத்தெருவுக்குச் சாமான் வாங்கப் போனவரை அப்படியே ஏற்றிவிட்டார்கள் என்று யுத்தம் முடிந்தபிறகு ஒரு கடிதம் வந்தது. அதன்பின் ஒன்றும் இல்லை. பதினேழு வருடம். இறந்தார் என்று சொல்ல ஆள் இல்லாததால் மரியம் பீவி, கணவர் இறந்தால் நாலு மாதம் பத்து நாள் வீட்டுக்குள்ளேயே இருக்கிற இத்தா இருக்கவில்லை, வெள்ளை உடுத்தவில்லை. வருடம் ஒரு தடவை அவருடைய சட்டைகளை வெயிலில் போட்டு எடுத்து மடித்து வைத்தார்.

இப்போது மகளுக்குக் கல்யாணம் பேசியிருந்தார்கள். நிக்காஹ் சபையில் பெண்ணின் வாப்பா இருக்கிறாரா, மவுத்தாகிவிட்டாரா என்று கேட்பார்கள். "தெரியாது" என்பது பதில் ஆகாது. அதற்கு முந்திய மாதம் மலாயாவிலிருந்து ஒருவர் திரும்பியிருந்தார். ரயில் ரோட்டில் காதர் மைதீனைக் கடைசிக் காய்ச்சலில் பார்த்ததாகவும், மறுநாள் அந்தக் கொட்டகையையே கொளுத்திவிட்டார்கள் என்றும் அவர் சொன்னார். பள்ளிவாசல் ஆலிம்சா விசாரித்து ஏற்றுக்கொண்டார். வெள்ளிக்கிழமை தொழுகை என்று முடிவாயிற்று. வெள்ளைத் துணி வாங்கி வீட்டில் வைத்திருந்தார்கள்.

இதெல்லாம் காக்கா அப்போதுதான் எனக்குச் சொன்னார். சொல்லிவிட்டு, "அந்தப் புத்தகத்தை உள்ள குடுங்க. அவ புருஷன் போட்ட பாலம். பாக்கட்டும்" என்றார்.

குறிப்புப் புத்தகத்தில் நான் அடுத்து எழுதியிருப்பது: 11.20. விரல்.

கட்டு எந்தப் பக்கம்

விரல் காட்டிய இடத்தில், பாலத்தின் முனையில், தம்பதிக்குப் பின்னால் ஒருவர் நின்றார். சுண்டுவிரல் நகம் அளவு உருவம். கழுத்தில் மாட்டிய தட்டில் கடலைப் பொட்டலங்கள். வெற்றுடம்பு, வெள்ளை வேட்டி. முகத்தில் பாதி நிழல். ஒற்றைக் காலில் நின்று, மற்றக் காலை மடித்து முழங்காலில் ஊன்றியிருந்தார், குளத்தில் நிற்கும் கொக்கைப்போல.

"அந்த நிப்பு அவுக நிப்பு" என்றார் மரியம் பீவி.

"கறுத்த ஆளு அங்கன ஆயிரம் பேரு, புள்ள" என்றார் காக்கா. குரல் அவருக்கே கேட்கவில்லை.

ஆலிம்சா வந்தார். தெருவே வந்தது. நான் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்துக் கொடுத்தேன். ஆலிம்சா முகத்தைப் பார்க்கவில்லை. இடுப்பைப் பார்த்தார்.

வெளியூர் வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. எங்கள் பக்கத்தில் வேட்டியோ கைலியோ, இந்துக்கள் வலப்பக்கம் முனை வரும்படி கட்டுவார்கள். முஸ்லிம்கள் இடப்பக்கம். நடக்கத் தெரிந்த பிள்ளைக்கும் இது தெரியும். கூட்டத்தில் பேர் கேட்காமல் ஆளை அறிவது அப்படித்தான்.

"கட்டு இடது பக்கம்" என்றார் ஆலிம்சா. கண்ணாடியைக் காக்காவிடம் கொடுத்தார். "நம்ம ஆளு."

அதற்குமேல் யாருக்கும் சந்தேகம் இல்லை. எனக்கும் இல்லை. அந்தக் கரையில் ரயில் ரோட்டுக்குப் போய்ச் செய்தி இல்லாமல் போன முஸ்லிம் அவர் ஒருவர்தான். தமிழ் ஆள், இடக்கட்டு, அந்த நிற்பு, அந்த இடம். வேறு யார்?

காக்கா தரையில் உட்கார்ந்தார். "பதினேழு வருசம். ஒரு கடுதாசி போடக் கையா இல்ல?" என்றார். கொஞ்சம் பொறுத்து, "அந்த இடத்துலயே நின்னு கடல விக்கிறானே" என்றார்.

கதவுக்குப் பின்னால் அழுகை கேட்கும் என்று எதிர்பார்த்தேன். கேட்டது தேங்காய் துருவும் சத்தம். மதியம் தெருவுக்கெல்லாம் வட்டிலாப்பம் வந்தது. முட்டையும் கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் ஆவியில் வெந்த மணம். எனக்கும் ஒரு கிண்ணம் வந்தது. சாப்பிட்டேன்.

வெள்ளிக்கிழமை தொழுகை நடக்கவில்லை. கல்யாணத்தைத் தள்ளிவைத்தார்கள், பெண்ணின் வாப்பா வரட்டும் என்று. மலர்க் கட்டுரையோடு செய்தியும் எழுதி அனுப்பினேன். "இறந்தவர் சுற்றுலாப் படத்தில் உயிருடன்." திங்கட்கிழமை முதல் பக்கத்தில் வந்தது. என் செய்தி முதல் பக்கத்தில் வந்தது அதுதான் முதல் தடவை.

கண்ணாடி

புதன்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு, ராமநாதபுரம் அரண்மனைத் தெருவில் முடிதிருத்தும் கடையில் உட்கார்ந்திருந்தேன். கழுத்தில் துணி, ஒரு கன்னத்தில் சோப்பு. கடைக்காரர் செய்தியைப் படித்திருந்தார். படத்தைப் பார்க்கக் கேட்டார். என்னிடம் இருந்த இரண்டாவது பிரதியைப் பையிலிருந்து எடுத்து, முன்னால் வந்து நின்ற அவருக்குத் தெரியும்படி தோளுக்கு மேலே தூக்கிக் காட்டினேன்.

அவர் படத்தைப் பார்த்தார். நான் எதிரே இருந்த நிலைக்கண்ணாடியில் அதே படத்தைப் பார்த்தேன்.

கண்ணாடியில் வெள்ளைக்காரரின் கைக்கடிகாரம் இடது மணிக்கட்டில் இருந்தது. சட்டைப் பை இடது மார்பில் இருந்தது. எல்லாம் இருக்க வேண்டிய பக்கத்தில் இருந்தன.

புத்தகத்தைத் திருப்பி நேராகப் பார்த்தேன். கடிகாரம் வலது கையில். பை வலது மார்பில்.

அச்சுக்கூடத்தில் இது புதிய விஷயம் அல்ல. பிலிம் புரண்டு கிடந்தால் படம் இடம் வலமாக விழும். எங்கள் பத்திரிகையிலேயே ஒருமுறை சால்வை பெற்ற சாஸ்திரிகள் ஒருவருடைய படம் அப்படி விழுந்து, பூணூல் வலது தோளுக்கு மாறிவிட்டது. அது திதி கொடுக்கும்போது மட்டும் போடுகிற விதம். மனிதர் நேரே அலுவலகத்துக்கு வந்து, "யாருக்கய்யா நான் தர்ப்பணம் பண்றேன்?" என்று கேட்டார். மன்னிப்புக் குறிப்பை எழுதியது நான். நிருபராவதற்கு முன் அலுவலகத்தில் மூன்று வருடம் படங்களைச் சரிபார்த்தே சம்பளம் வாங்கியவன். பாலத்தின் ஓரத்தில் ஒரு பெயர்ப்பலகைகூட இருந்தது. சயாம் எழுத்து. நேராக இருந்தாலும் புரண்டிருந்தாலும் அங்கே யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் கடிகாரம் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கடலைக்காரரைக் கண்ணாடியில் பார்த்தேன். கட்டு வலது பக்கம்.

"என்ன சார், கத்தி பட்டுருச்சா?" என்றார் கடைக்காரர். படவில்லை. மற்றக் கன்னத்தை மழிக்காமல் எழுந்து பஸ்ஸுக்குப் போனேன்.

காக்காவுக்கு நான் சொன்னது முதலில் விளங்கவில்லை. முகப்பில் தொங்கிய கண்ணாடிக்கு எதிரே புத்தகத்தைப் பிடித்தேன். அவர் பார்த்தார். பிறகு தானே கண்ணாடி முன் நின்று, தன் கைலியின் கட்டைப் பார்த்தார். குனிந்து ஒரு தடவை, கண்ணாடியில் ஒரு தடவை.

"உங்க பேப்பர்ல பெருசாப் போட்டீகளே தம்பி" என்றார். திட்டவில்லை.

அவரே கண்ணாடியைக் கழற்றி உள்ளே கொடுத்தார். பிறகு கதவுக்குப் பின்னாலிருந்து மரியம் பீவி என்னிடம் நேராகப் பேசினார். அதற்கு முன் பேசியதில்லை.

"படம் பொரண்டா கட்டு மாறும். நிப்பு மாறுமா தம்பி?"

"எந்தக் கால்ங்கிறது மாறும்மா."

"அவுக கால மாத்தி மாத்தித்தான் நிப்பாக."

காக்கா, "வலது கட்டு, புள்ள" என்றார். "அவன் கட்ட மாட்டான்."

தெருவில் ஒரு மீன்கூடை போயிற்று. வாடை நின்றது.

"அப்ப இவுக வேற யாரு வீட்டு ஆளோ" என்றார் அந்த அம்மாள். "உசுரோட நிக்கிறாக. அந்த வீட்டுல தெரியாதே. எங்களுக்குக் காட்டுனீகள்ல, அங்கனயும் கொண்டு போயிக் காட்டுங்க."

கதவிடுக்கில் கை நீண்டது. அவர்களுக்கு நான் கொடுத்த பிரதி. பதினான்காம் பக்கத்தில் விரல் அழுந்திய தடம் இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை காயிப் ஜனாஸா தொழுதார்கள். அன்று மாலை மரியம் பீவி வெள்ளை உடுத்தி இத்தாவில் அமர்ந்தார். எங்கள் பத்திரிகை மூன்றாம் பக்கத்தின் அடியில் இரண்டு வரித் திருத்தம் வெளியிட்டது. ஞாயிறு மலரில் என் கட்டுரையும் வந்தது. பொற்கோபுரம், தோணிச் சந்தை, ரம்புத்தான். பாலத்தை விட்டுவிட்டேன். சயாமுக்குக் கப்பல் எங்கே ஏறுவது என்று கேட்டு ஏழு வாசகர்கள் எழுதினார்கள்.

நயினார்கோவில் பாதை

கடலோரத்து ஆட்கள் கடைக்கும் வியாபாரத்துக்கும் போனதைப்போல, உள்பக்கத்துக் கிராமங்களிலிருந்து பலர் ரப்பர்த் தோட்டங்களுக்குப் போயிருந்தார்கள். வலக்கட்டுக்காரர்கள். நயினார்கோவில் வட்டாரத்தில் விசாரித்து, ரயில் ரோட்டுக்குப் போய்த் திரும்பாதவர்களின் வீடுகளைக் குறித்துக்கொண்டு சைக்கிளில் கிளம்பினேன். மூன்று நாள். கண்மாய்கள் வற்றிக் கிடந்த மாதம். மிளகாய்ச் செடிகளுக்கு ஏற்றம் இறைக்கும் சத்தம் வழியெல்லாம் கேட்டது. பையில் புத்தகமும் ஒரு முகக்கண்ணாடியும் இருந்தன.

எல்லா வீட்டிலும் ஒன்றே செய்தேன். படத்தைக் கண்ணாடியில் காட்டினேன். இது பாலம், இது சயாம், இவர் யார் என்று தெரியவில்லை என்றேன். நிற்பைப் பற்றியோ கட்டைப் பற்றியோ நான் எதுவும் சொல்லவில்லை.

முதல் வீட்டில் ஒரு பெண் கண்ணாடியை வாங்கிக்கொண்டு வெளிச்சத்துக்குப் போய்ப் பார்த்தாள். "அய்யா பேரு சொல்லவா?" என்று கேட்டாள். கழுத்து சாய்ந்திருப்பதைக் காட்டினாள். சின்ன வயதில் மரத்திலிருந்து விழுந்தவராம் அவளுடைய அப்பா.

இரண்டாவது வீட்டில் இல்லை என்றார்கள். மூன்றாவதிலும் இல்லை.

நான்காவது வீட்டில் ஒருவர் தன் அண்ணனுடைய காதை அடையாளம் சொன்னார். படத்தில் அந்தக் காது நிழலில் இருந்தது. "கடலத் தட்டப் புடிச்சிருக்கான் பாருங்க, வெதப்பொட்டியப் புடிக்கிற மாதிரி. அது எங்கண்ணன் புடி" என்றார். அவரிடமிருந்து புத்தகத்தைத் திரும்ப வாங்க அரை மணி நேரம் ஆயிற்று. அதற்குள் வேலியோரம் ஆட்கள் கூடிவிட்டார்கள்.

முதல் வீட்டில் ஒரு பெண் ஏற்கெனவே தன் அப்பா என்று சொல்லியிருக்கிறாள் என்பதை அவரிடம் சொன்னேன். "சொல்லட்டும்" என்றார். "அந்தப் புள்ளைக்கு அப்ப ரெண்டு வயசு இருக்குமா? என்ன தெரியும்?"

ஒன்பது வீடுகளில் அந்தப் படத்தைக் காட்டினேன். நான்கு வீடுகளில், அது தங்கள் ஆள் என்றார்கள்.